குட்டை ஸ்டெப்னி

ஸ்டெப்னியை மாட்ட மாட்டேனுங்க. கோவிச்சுக்காதீங்க சார். அவசரம்னு உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, ஆனா மாட்ட மாட்டேன். சித்த உக்காருங்க. அந்த டயர் மேலயே உக்காருங்க, பேண்ட்டு அழுக்காகாது, காலையிலதான் தொடைச்சு வெச்சேன். உங்களுக்கு முன்னாடி பால் வண்டி டயரு ஒண்ணு கெடக்குது. அதை முடிச்சுப்போட்டு உங்களதைக் கையில எடுத்துருவேன். பஞ்சர் ஒட்டி, அதே டயரை அதே எடத்துல மாட்டித்தான் அனுப்புவேன்.

ஏன்னு கேக்கறீங்களா? உங்களது நாலு சக்கரமும் சேந்து இழுக்கற வண்டிங்க. சாதா வண்டின்னா ரெண்டு சக்கரம்தான் இழுக்கும், மத்த ரெண்டும் சும்மா கூட உருளும். இழுக்காத பக்கமாப் பாத்து ஒரு குட்டை ஸ்டெப்னியப் போட்டு அம்பது கிலோமீட்டர் ஓட்டிப்போட்டு வரலாம், ஒண்ணும் ஆகாது. உங்களது அப்படியில்லை. நாலுக்கும் நடுவுல, வண்டி வயித்துக்குக் கீழ, ஒரு பெட்டி இருக்குது. நாலு சக்கரமும் ஒரே அளவுல இருக்கற வரைக்கும் அது பேசாமக் கெடக்கும். ஒண்ணு மட்டும் குட்டையாப் போச்சுன்னு வைங்க, குட்டைச் சக்கரம் மத்ததை விட அதிகமாச் சுத்தோணும். பெட்டி விடமாட்டேன்னு புடிக்கும். அது திமிரும், இது இறுக்கும். ஆயில் காயும், கருகும், கடைசியில கவ்விப் புடிச்சுக்கிட்டு நின்னுரும். மேட்டுல ஏத்துனா இன்னும் சீக்கிரம். உங்க டிக்கியில இருக்கறதைப் பாத்தேன், சைக்கிள் டயராட்டம் இருக்குது. அதைப் போட்டுக்கிட்டு இன்னும் இருபத்திநாலு வளைவு ஏறப் போறேங்கறீங்க.

எனக்கெப்படித் தெரியும்னு பாக்கறீங்க. தெரியும். ஒருத்தனுக்கு அப்படி ஆச்சு. இந்தக் கையால மாட்டுன ஸ்டெப்னிதான். ஆனா நான் ஒண்ணும் பண்ணலீங்க, அதை மொதல்லயே சொல்லிர்றேன். நான் பேசாம இருந்தேன், அவ்வளவுதான். பேசாம இருக்கறது ஒரு குத்தமா?

அந்த ஒருத்தன் எங்கண்ணன். கூடப்பொறந்த அண்ணன். அண்ணனை அவன் இவன்கறனேன்னு பாக்காதீங்க, விஷயத்தைக் கேட்டா நீங்களே அப்படித்தான் சொல்வீங்க.

பெரியவன் வெள்ளியங்கிரி, உடுமலையில தேங்கா யாவாரம். நான் கிட்டுச்சாமி, இந்த மூணாவது வளைவுல பஞ்சர் கடை. எங்களுக்குக் கீழ ஒரே தங்கச்சி, சுகுணா. அப்பனும் ஆத்தாளும் அவ கல்யாணத்துக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்க. அவளுக்கு நாங்க ரெண்டு பேருதான். ஏழு வருஷத்துக்கு முன்னாடி அவ கல்யாணம். எங்க பக்கம் மாப்பிள்ளைக்கு மச்சினன் மோதிரம் போடோணும், உங்களுக்குத் தெரியும். மணவறையில, எல்லாரும் பாக்க, தங்கச்சி பக்கத்துல நின்னு, அவ புருசன் வெரல்ல போடற மோதிரம். மொத நாளு அவனே சொன்னான், நீ போடுடா கிட்டு, நான் மத்த வேலையப் பாத்துக்கறேன்னு. நான் அதுக்குன்னே நகமெல்லாம் வெட்டி, சோப்பும் சீமெண்ணெயும் போட்டு கையைத் தேய்ச்சேன். இந்தக் கையைப் பாருங்க, கருப்பு போகுதான்னு. போகாது. அன்னிக்குப் போச்சுங்க.

காலையில எட்டேகாலுக்கு போன். மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரைச் சனம் வந்த வேன், அஞ்சாவது வளைவுல ரெண்டு டயரு பஞ்சராகி நிக்குது. பதினாறு பேரு. அத்தனை பேரு இருக்கற மண்டபத்துல என்னைக் கூப்புட்டு, போய்ப் பாத்துட்டு வந்துருடாங்கறான். பட்டு வேட்டியோட. எனக்கு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நடுரோட்டுல மண்டி போட வேண்டியதாப் போச்சு. முகூர்த்தம் ஒம்பதுல இருந்து பத்தரை. நான் மண்டபத்து வாசல்ல கால் வெக்கறப்ப பத்து நாப்பது. உள்ள மாப்பிள்ளை வெரல்ல மோதிரம் மின்னுது. போட்டது யாரு? அவன்தான்.

என்னங்க? ரெண்டு பஞ்சருக்கு அவ்வளவு நேரமான்னா கேக்கறீங்க? ஒம்பதேகாலுக்கே முடிஞ்சுதுங்க. முடிஞ்சா? கை கழுவ வேண்டாமா? கடைக்கு வந்து கை கழுவுனேன். காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கல, ஒரு டீ குடிச்சேன், ரெண்டு வடை. டீக்கடைக்காரன் கல்யாணத்தைப் பத்திக் கேட்டான், சொன்னேன். மனுசன் அதுகூடப் பண்ணக் கூடாதா? பத்து நிமிசம் பொறுத்திருக்கலாம் அவன். பொறுக்கல. அன்னிக்கு மண்டபத்துல சோறு திங்காம வந்தவன்தான் நான். அன்னிக்கே மனசுல எழுதி வெச்சேன், டயராலதானே என்னை வெளியில நிறுத்துனே, டயராலயே உன்னை ஒரு நாளைக்கு நிறுத்தறேன்னு.

இந்தாங்க, இந்தப் பால் வண்டி டயரைப் பாருங்க, மூணு எடத்துல ஒட்டுப் போட்டிருக்குது. இன்னும் ஓட்டறானுங்க.

அப்பறம் அஞ்சு வருசம் பேச்சுவார்த்தை இல்லை. அவன் வந்தான் ரெண்டு தடவை, நான் கடைக்குப் பின்னால போயிட்டேன். சுகுணாவுக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. வாயில நுழையாத பேரு வெச்சிருக்கறாங்க, நான் குட்டின்னுதான் கூப்புடுவேன். குட்டிக்கு மூணு வயசாகையில காதுகுத்து வெச்சாங்க, மலை உச்சியில இருக்கற கருப்பராயன் கோயில்ல. அது இருபத்தேழாவது வளைவு தாண்டி. காதுகுத்துன்னா என்னங்க? தாய்மாமன் மடிதான். மாமன் மடியில பிள்ளைய உக்கார வெச்சாத்தான் ஆசாரி ஊசியையே கையில எடுப்பாரு. மாமன் ரெண்டு பேரு இருந்தாலும் மடி ஒண்ணுதானே. பத்திரிகை வந்துச்சு. பிரிச்சேன். தாய்மாமன்னு போட்டு மொதப் பேரே வெள்ளியங்கிரி. அதுக்கு மேல படிக்க எனக்கென்ன சோலி? அடுப்புல போட்டேன். சுகுணா போன் மேல போன் பண்ணுனா. எடுக்கல. எடுத்தா என்ன சொல்வா, நீயும் வந்து ஒரு ஓரமா நில்லுண்ணாம்பா. நின்னது போதாதா?

ரெண்டு வருசத்துக்கு முந்தித் தை மாசம், ஒரு வெள்ளிக்கிழமை, காதுகுத்தன்னிக்கு. காலையில ஏழரைக்குக் கடையத் தொறந்து ஊதுவத்தி பொருத்தறேன், ஒரு பெரிய வண்டி வந்து நிக்குது, பின்பக்கம் இடது டயரு தரையோட படுத்துக்கிட்டு. எறங்கறவன் அவன். வெள்ளை வேட்டி, நெத்தியில திருநீறு, பக்கத்துல அண்ணி. சாமி கும்புட்டுக் கண்ணைத் தொறந்தா முன்னால நிக்கறான். கருப்பராயன் எனக்குன்னே அனுப்பி வெச்சான்னு நெனச்சேன்.

அதுல ஒண்ணு பாருங்க. உடுமலையில இருந்து அந்தக் கோயிலுக்கு வேற ரோடு இருக்குது. அதுல போனா இருபது கிலோமீட்டர் மிச்சம். இந்த வழியா வரவேண்டிய அவசியமே இல்லை அவனுக்கு. எதுக்கு வந்தான்? வண்டியை எனக்குக் காட்டத்தான். செகண்டுலதான் வாங்கியிருக்கறான், ஆனா நாலு சக்கரமும் இழுக்கற வண்டி. தென்னந்தோப்பு மண் பாதையில போறதுக்காம். பவுசு.

டேய் கிட்டுன்னு ஆரம்பிச்சான். நான் பேசாம ஜாக்கியை எடுத்தேன். நான் என்ன சொல்ல வந்தேன்னா, அப்படின்னான். கம்ப்ரசரை ஆன் பண்ணிட்டேன். இந்தா இருக்குதே, இது ஓடுனா பக்கத்துல நிக்கறவன் பேசறது கேக்காது. அவன் வாயசைக்கறான், நான் டயரைக் கழட்டறேன். அண்ணியும் எறங்கி வந்து என்னமோ சொல்லுச்சு. நான் தண்ணித்தொட்டிக்குப் பின்னால போயிட்டேன். ஒரு வார்த்தை பேச விடல சார், ரெண்டு பேரையும்.

டயரைப் பாத்துட்டு கம்ப்ரசரை நிறுத்தி, சைடுல கிழிஞ்சிருக்குது, ஒட்ட வராது, ஸ்டெப்னியத்தான் போடோணும்னு சொன்னேன். அஞ்சு வருசத்துல நான் அவன்கிட்டப் பேசுன மொதப் பேச்சு அதுதான். அவனுக்கு அதுலயே மொகம் மலந்து போச்சு, அட, தம்பி பேசிட்டானேன்னு. எனக்கு அதைப் பாத்து இன்னும் எரிஞ்சுது.

ஸ்டெப்னி எங்கே இருக்கும்? டிக்கிக்கு அடியில. டிக்கி நெறைய மாமன் சீரு. நான்தான் ஒவ்வொண்ணா எடுத்துக் கீழ வெச்சேன். என் கையாலயே, நெனச்சுப் பாருங்க. பழத்தட்டு, பலகாரத்தட்டு, குட்டிக்குப் பட்டுப் பாவாடை, வளையலு, தோட்டுப் பெட்டி. அப்பறம் கவர்ல ஒரே மாதிரி சந்தனக் கலர் சட்டை ரெண்டு. ஒண்ணு நாப்பத்திநாலு, ஒண்ணு முப்பத்தெட்டு. நாப்பத்திநாலு அவனுக்கு, தேங்கா மூட்டையாட்டம் வயிறு. முப்பத்தெட்டு யாருக்கு? அவன் மச்சினன் ஒருத்தன் இருக்கறான், அவனுக்குத்தான்னு நெனச்சேன். கூடப்பொறந்தவன் இங்க கிரீஸ் துணியோட நிக்கறேன், பொண்டாட்டியோட தம்பிக்கு ஜோடிச் சட்டை. அந்தச் சட்டையப் பாத்தப்பத்தான் சார் நான் முடிவே பண்ணுனேன்.

ஸ்டெப்னியை எடுத்து மத்த டயரு பக்கத்துல நிறுத்துனேன். ரெண்டு வெரக்கடை குட்டை. முன்னால வண்டி வெச்சிருந்தவன் எந்த வண்டியோடதையோ எடுத்துப் போட்டு வித்திருக்கறான். இவனுக்கு அது தெரியல. தேங்காயைத் தட்டிப் பாத்துத் தண்ணி இருக்குதான்னு சொல்வான், டயரைப் பத்தி என்ன தெரியும்? எனக்குப் பாத்ததும் தெரிஞ்சுது. இதைப் போட்டு இந்த லோடோட மேல ஏறுனா உச்சி வரைக்கும் தாங்காதுன்னு தெரிஞ்சுது. மாட்டுனேன். நட்டை நல்லா இறுக்கித்தான் மாட்டுனேன். தொழில்ல கொறை வெக்க மாட்டேன்.

அவன் குனிஞ்சு ஸ்டெப்னியப் பாத்தான். "சின்னதா இருக்குதேடா. இதுல மேல போயிரலாமா?"

"தாராளமாப் போலாம்."

"நீ சொன்னாச் சரி," அப்படின்னான்.

ஆமாங்க, அந்த ஒரு வார்த்தை சொன்னேன். பேசாம இருந்தேன்னு சொன்னேனே, இந்த ஒண்ணைத் தவிர. கேட்டா பதில் சொல்ல வேண்டாமா?

அப்பறம் கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு, ஏறுடா வண்டியிலன்னான். கடையைச் சாத்திட்டு ஏறுன்னான். எப்படி இருக்கும் எனக்கு? மேல போற வழியில இன்னொரு டயரு போச்சுன்னா மாட்டி விட ஆளு வேணும். அன்னிக்கு மண்டபத்துல இருந்து அனுப்புனான், இன்னிக்குக் கூடவே கட்டி இழுத்துக்கிட்டுப் போறான். எனக்கு வேற சோலி இருக்குதுன்னேன். அண்ணி கண்ணு கலங்கி நின்னுச்சு. நேரமாகுது, கெளம்புங்கன்னு நான்தான் தொரத்துனேன். போனாங்க. அந்த வண்டி மேட்டுல திரும்பறப்ப இடது பக்கம் லேசாச் சாஞ்சுக்கிட்டுப் போச்சு, நான் இங்க நின்னு கண்ணு மறையற வரைக்கும் பாத்தேன். அப்படியொரு நிம்மதி சார். அஞ்சு வருசமா இல்லாத நிம்மதி.

கழட்டுன டயரை இங்கயே விட்டுட்டுப் போயிட்டான். திரும்பி வரையில எடுத்துக்கறேன்னு.

அரை மணி நேரம் கழிச்சு நான் கடையச் சாத்துனேன். கை கழுவி, இருந்ததுல நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு என் டிவிஎஸ்ஸை எடுத்தேன். கணக்கு சுளுவானது. அவன் நடுவழியில நிப்பான். நான் அவன் மூஞ்சிக்கு நேரா ஹாரன் அடிச்சுக்கிட்டே தாண்டிப் போவேன். கோயில்ல மாமன்னு நான் ஒருத்தன்தான் இருப்பேன். பிள்ளை என் மடியில உக்காரும். அவன் மத்தியானம் வேத்து விறுவிறுத்து வந்து சேரையில பந்தி நடந்துக்கிட்டிருக்கும். மோதிரத்துக்கு மடி. அதுதான் எனக்கு வேணும்.

பத்தொம்பதாவது வளைவு. வளைவுக்கு முன்னாடியே கருகுன வாடை வந்துருச்சு. வண்டி சரியாத் திருப்பத்துல, ரோட்டுக்குக் குறுக்கே கவ்விக்கிட்டு நிக்குது. முன்னாலயும் போகாது, பின்னாலயும் வராது. மேல ஒரு பஸ்ஸு, கீழ ரெண்டு லாரி, ஒரு ஜீப்பு. ஆளாளுக்குத் திட்டறாங்க. அவன் வேட்டியெல்லாம் மண்ணா, சக்கரத்துக்குக் கல்லு வெச்சுக்கிட்டு நிக்கறான். மணி ஒம்பதரை. குத்தற நேரம் பத்தரை வரைக்கும்.

நான் ஹாரன்ல வெரலை வெச்சேன். அண்ணி ஓடி வந்து என் ஹேண்டில்பாரைப் புடிச்சுக்கிச்சு. கையில அந்தக் கவரு.

"வந்துட்டீங்களா தம்பி. நல்லவேளை. இதைப் போட்டுக்கிட்டு நீங்க போங்க. உங்க சட்டை."

எனக்கு ஒண்ணும் வெளங்கல. முப்பத்தெட்டு. என் சைஸு முப்பத்தெட்டு. அண்ணி சொல்லிக்கிட்டே போகுது. மோதிரம்தான் கிட்டுவால போட முடியல, மடி அவனதுதான்னு எங்கண்ணன்தான் சுகுணாகிட்டச் சொன்னானாம். பத்திரிகையில எம்பேரும் இருக்குதாம், அவன் பேருக்கு அடுத்த வரியில. சுகுணா போன் பண்ணது அதைச் சொல்லத்தானாம். நான் எடுக்காததால, நேர்ல போய்க் கூட்டிக்கிட்டு வந்துர்றேன்னு அவன் சுத்து வழியா வந்தானாம். ஏறுடா வண்டியிலன்னது அதுக்குத்தான்.

அவனும் வந்தான். "நான் வண்டியை விட்டுட்டு நகர முடியாது கிட்டு, ரோடே நிக்குது. நீ போ. நீதான் போகோணும்," அப்படின்னு தோட்டுப் பெட்டியை எடுத்து என் பையில வெச்சான்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, அழுகை வந்துச்சு. ஆனா அடுத்த நிமிசமே இன்னொண்ணு வந்துச்சு பாருங்க. கையில இருக்கறது அவன் எடுத்துக் குடுத்த சட்டை. மேல கெடைக்கப் போறது அவன் விட்டுக் குடுத்த மடி. அப்ப நான் என்னத்தை ஜெயிச்சேன்? அஞ்சு வருசம் நெஞ்சுல கல்லாட்டம் வெச்சிருந்ததை ஒரு சட்டைய நீட்டி எறக்கி வெச்சுட்டுப் போறான் அவன். அதுக்கா நான் காத்திருந்தேன்?

அந்த நேரம் பாத்து அவன் கேட்டான். பஸ்ஸுக்காரன், லாரிக்காரன் எல்லாரும் சுத்தி நிக்கையில கேட்டான். "அந்தப் பழைய டயரை எப்படியாச்சும் ஒட்ட வருமாடா? வரும்னா இந்த ஜீப்பைக் கீழ அனுப்பி எடுத்தாரச் சொல்றேன். நானும் பின்னாலயே வந்துருவேன். குட்டி காதுகுத்தைப் பாக்கோணும்டா எனக்கு."

இங்கதான் சார் ஒண்ணு உங்ககிட்ட முன்னாடி சொல்லாம விட்டுட்டேன். அந்த டயரு சைடுல கிழியல. நடுவுல ஒரு ஆணி. ஒரே ஒரு ஆணி, கட்டில் ஆணி. புடுங்கி ஓட்டையில ரப்பர் திரியைச் சொருகுனா பத்து நிமிச வேலை. ஜாக்கி வெச்சு வண்டியைத் தூக்குனா பெட்டியோட இறுக்கம் விட்டுரும், அந்த டயரைப் போட்டா மெதுவா ஏறிரும். எல்லாம் சேத்து முக்கா மணி நேரம். அவனும் வந்து சேந்திருப்பான். ரெண்டு பேரும் ஒரே சட்டையில நின்னிருப்போம்.

வரும்னு சொல்லியிருக்கலாம். சொன்னா, காலையில ஏன் வராதுன்னு சொன்னேன்னு அத்தனை பேரும் கேப்பாங்க. அதுக்காக மட்டுமில்லீங்க. அவன் கண்ணு என்னையே பாத்துக்கிட்டிருக்குது. நீ சொன்னாச் சரின்னு சொன்ன அதே கண்ணு.

"வராது," அப்படின்னேன்.

சரி போன்னான். போனேன். இருபதாவது வளைவுல வண்டியை நிறுத்தி, மரத்துக்குப் பின்னால நின்னு அந்தச் சட்டையப் போட்டேன். தைச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு.

குட்டி என் மடியில உக்காந்துச்சு. கறிவேப்பலைக் கொத்தாட்டம் லேசா இருந்துச்சு. தேங்கா வெல்லத்தை வாயில வெச்சு, ஆசாரி ஊசியை எடுத்ததும் என் சட்டையை ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டுக் கத்துச்சு. நான் தலையப் புடிச்சுக்கிட்டேன். எல்லாரும் பாத்தாங்க. போட்டோ எடுத்தாங்க. நான் கேட்டதெல்லாம் கெடைச்சுது சார், ஒண்ணு கொறையில்லாம. சுகுணா மட்டும் பிள்ளையப் பாக்காம ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னா. பெரியண்ணன் எங்கேண்ணா, எங்கேண்ணான்னு. வண்டி நின்னுருச்சு, நான் என்ன பண்ணட்டும்னேன். அவ அழுதுக்கிட்டே சொன்னா, என் கல்யாணத்தன்னிக்கு மோதிரத்தைக் கையில வெச்சுக்கிட்டு உனக்காக வாசல்லயே நின்னுதுண்ணா பெரியண்ணன், பத்து இருபத்தஞ்சு வரைக்கும், அய்யரு சத்தம் போட்ட பொறகுதான் உள்ள வந்துச்சுன்னு. பாருங்க, அஞ்சு வருசமா இதை எனக்கு எவளாச்சும் சொன்னாளா? போன்ல சொல்லியிருக்கலாமில்ல? எடுக்கலைன்னா ஒரு லெட்டர் போட்டிருக்கலாமில்ல?

அவன் வரல. சாயங்காலம் கிரேன் வந்து வண்டியை இழுத்துக்கிட்டுப் போச்சு. இழுத்ததுல பெட்டி மொத்தமா ஒடைஞ்சு போச்சு. உடுமலையில அன்வர் பாய் ஒர்க்‌ஷாப்லதான் விட்டான். அன்வர் பாய் நமக்குப் பழக்கம், பழைய டயரு எடுக்க வருவாரு. அவரு சொல்லித்தான் எனக்கு மிச்சம் தெரியும். எந்த மடையன்யா இந்த ஸ்டெப்னிய இந்த வண்டிக்கு மாட்டுனது, டயரு வேலை தெரிஞ்சவன் எவனும் மாட்ட மாட்டானேன்னு அவரு கேட்டிருக்கறாரு. எங்கண்ணன் குனிஞ்சு அந்த ஸ்டெப்னியைப் பாத்தானாம். அப்பறம், நான்தான் பாய் மாட்டுனேன், தெரியாம மாட்டிட்டேன்னானாம். சரி, பழைய டயரு எங்கேன்னாராம். தொலைஞ்சு போச்சுன்னானாம்.

அப்ப அவனுக்குத் தெரியுமில்லீங்க? தெரிஞ்சுதானே சொல்லியிருக்கறான். தெரிஞ்சுக்கிட்டு ரெண்டு வருசமா ஒரு வார்த்தை சொல்லல. சுகுணாகிட்டச் சொல்லல, அண்ணிகிட்டச் சொல்லல. தீவாளிக்குப் பலகாரம் குடுத்து அனுப்பறான், வருசா வருசம். வரலாமில்ல? வந்து இந்தக் கடை வாசல்ல நின்னு, ஏண்டா இப்படிப் பண்ணுனேன்னு கேக்கலாமில்ல? ஓங்கி ஒரு அறை விட்டா நானும் ரெண்டு வார்த்தை கேப்பேன், தீந்து போகும். அதைக்கூடக் குடுக்க மாட்டேங்கறான் பாருங்க. என்னைத் திருடனாட்டம் உக்கார வெச்சுட்டு அவன் நல்லவனா இருக்கறான். இதை விடவா ஒருத்தன் பழி வாங்க முடியும்? இருக்கட்டும். அவனுக்கும் ஒரு நாளு வராமயா போயிரும். அன்னிக்குப் பேசிக்கறேன்.

இந்தாங்க, உங்களது ஆச்சு. முள்ளுதான் ஏறியிருந்துச்சு. தண்ணியில முக்கிப் பாத்துட்டேன், கொமிழி வரல. மாட்டி விட்டர்றேன். அந்த ஸ்டெப்னியை ஊருக்குப் போனதும் மாத்துங்க, மத்த நாலோட அளவுக்கே வாங்குங்க.

சித்த எந்திரிங்க சார். இல்லை இல்லை, உங்களைத் தொரத்தலீங்க. நீங்க உக்காந்திருந்தீங்களே, அந்த டயருக்குக் காத்து எறங்கியிருக்கும், அடிச்சு வெக்கோணும். அதுதான். ஆமாங்க, அவனுதுதான். நடுவுல தடவிப் பாருங்க, ஆணி தட்டுப்படுதா? புடுங்கல. தெனமும் காலையில கடை தொறந்ததும் மொதக் காத்து அதுக்குத்தான் அடிப்பேன், மத்தியானத்துக்குள்ள பாதி எறங்கிரும். மறுபடியும் அடிப்பேன். எதுக்கு ஒட்டோணும்? அவன் வந்து கேக்கட்டும். கேட்டான்னா அங்கயே, அவன் நிக்கையிலயே ஒட்டிக் குடுத்துருவேன். பத்து நிமிச வேலை.